முதல் அடை யாருக்கு?

வேங்கைநாட்டு அரசர் மாறவேளுக்கு ஒரு குணம். எதிலும் முதலாவது தனக்கே வர வேண்டும். தோப்பில் பழுக்கும் முதல் மாம்பழம், வலையில் விழும் முதல் மீன், கன்று போட்ட மாட்டின் முதல் சீம்பால், எல்லாம் அரண்மனைக்கு. பட்டத்துக்கு வந்த சூட்டோடு சூடாக இதை ஆணையாகவே போட்டுவிட்டார். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, செண்பகவல்லியைத் தவிர.

செண்பகவல்லி அரண்மனையில் அடை வார்ப்பவள். மாமியார், மாமியாரின் மாமியார் என்று ஆறு தலைமுறையாக அந்த அடுப்பு அவர்கள் வீட்டுப் பெண்கள் கையில். பச்சரிசி பாதி, புழுங்கலரிசி பாதி, மூன்று பருப்பு, மிளகு, பெருங்காயம், ஒரு கை முருங்கைக்கீரை. கொரகொரவென்று அரைத்து, கல்லில் கனமாகத் தட்டி, நடுவில் குழி போட்டு நல்லெண்ணெய் விட்டால் தெருக்கோடி வரை மணக்கும். மந்திரிகளே வெட்கம் பார்க்காமல் மூன்றாவது கேட்பார்கள். அரசருக்கு மட்டும் கிடைத்தது கருகிய கந்தல்!

காரணம், அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும். கல் சூடேறிப் பழகும்வரை முதல் அடை ஒட்டும், பிய்யும். வீடாக இருந்தால் அதைக் கமுக்கமாகக் காக்காய்க்குப் போட்டுவிடலாம். இங்கேயோ அரிசி, பருப்பு அளந்து கொடுக்கும் உக்கிராண அதிகாரி திருவேங்கடம் தட்டோடு காத்து நிற்பார்.

"கல்லில் முதலில் விழுவது எதுவோ, அது மகாராஜாவுக்கு. ஆணை ஆணைதான்" என்பார்.

அரசரின் உணவை முதலில் தின்று பார்த்து, விஷமில்லை என்று சொல்வதும் அவர் வேலைதான். கருகாத ஓரமாகப் பார்த்து நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். "விஷமில்லை மகாராஜா. என்ன செய்ய, அவள் கைப்பக்குவம் அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விடுவார். அந்த அடுப்பில் தன் மைத்துனன் மனைவியை உட்கார வைக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

மூன்று மாதம் பொறுத்த அரசர் ஒரு நாள் பொங்கிவிட்டார். "ஊரெல்லாம் உன் அடையைப் புகழ்கிறது, எனக்கு மட்டும் கரியா? நாளைக்கு நானே அடுக்களைக்கு வருகிறேன். நல்ல அடை என் தட்டில் விழவில்லை என்றால் அடுப்பை விட்டு இறங்கிவிடு!"

செண்பகவல்லி அரசவை விகடர் ஆதிமூலத்திடம் ஓடினாள்.

"ஐயா, ஆறு தலைமுறை காப்பாத்தினதை நான் தொலைக்கப் போறேன். கல்லு கால்ல விழுந்து கெஞ்சவா முடியும்?"

"எப்பவும் போல அடையை வாரும்மா. முதல் அடை நல்லாக் கருகினா இன்னும் நல்லது."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யோசனை கேட்டால் கேலியா பண்ணுகிறார் இந்த மனுஷர்?

மறுநாள் காலை அரசர் ஆதிமூலத்தையும் கூட்டிக்கொண்டு அடுக்களை முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். செண்பகவல்லி மாவைக் கல்லில் தட்டினாள். முதல் அடை வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தபோது மூன்று துண்டு, மூன்றும் கறுப்பு. அவளுக்கு அழுகை முட்டியது. திருவேங்கடம் முகமெல்லாம் பல்லாகத் தட்டை நீட்டி வாங்கி, ஓரத்தைக் கிள்ளினார்.

"கொஞ்சம் பொறும்" என்றார் ஆதிமூலம். "இந்த ஓரத்தில் விஷமில்லை, சரி. நடுவில் இருந்தால்?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதானே!"

"மகாராஜாவுக்காக உயிரையே கொடுப்பேன் என்று தினமும் சொல்கிறவர் திருவேங்கடம். ஒரு அடையை முழுசாகத் தின்ன மாட்டாரா?"

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? திருவேங்கடம் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் நீர் வந்தது. அவர் தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் கல் பழகிவிட்டது. இரண்டாவது அடை பொன்னிறமாக, வட்டம் குலையாமல் எழும்பி வந்தது. அவர் அதில் ஒரு விள்ளல் சோதித்ததும் ஆதிமூலம் தட்டை அரசர் முன் வைத்தார்.

ஒரு வாய் வைத்த அரசர் அடை முழுவதையும் தின்று தீர்த்தார். பிறகுதான் ஆணை ஞாபகம் வந்தது.

"ஆதிமூலம், இது இரண்டாவது அல்லவா? முதலாவது எனக்கு என்பது என் ஆணை!"

"ஆணைக்கு ஒரு குறையும் இல்லை மகாராஜா. முதல் அடை தங்களுடையதுதான். தங்களுக்காக அதிகாரி அதை முழுசாகச் சோதித்தார். தங்கள் உயிர் பெரிதா, ஒரு அடை பெரிதா?"

அரசர் கல்லைப் பார்த்தார், திருவேங்கடத்தின் கரி அப்பிய உதட்டைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இனி தினமும் இப்படியே சோதிக்கட்டும்! ஆதிமூலம், இந்தா மோதிரம். செண்பகவல்லி, அடுப்பு உன்னுடையது, உன் சந்ததிக்கும்தான். வேறு என்ன வேண்டும், கேள்!"

செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு கல்லு வேணும் மகாராஜா."

"எதற்கு?"

"கல்லுக்கு ஒரு முதல் அடைதானே வரும். அதிகாரி ஐயாவுக்கு ஒண்ணு எப்படிப் போதும்?"