கல் வைத்திருப்பவர் பேசலாம்

கோயமுத்தூரில் மாவாட்டும் கிரைண்டர் விற்கிற கடை ஒன்று. அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். சொன்னால் சொன்னபடி செய்வார்கள். கஷ்டம் முழுக்க அதில்தான் இருந்தது.

அங்கே கணக்கெழுதச் சேர்ந்தாள் அம்சவேணி. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முந்தைய ஆபீசில் "பாத்துக்கலாம்" என்றால் "முடியாது" என்று அர்த்தமாம். அது புரியாமலேயே அந்த வேலை போனது. அதனால் இங்கே முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஆட்டிசம் இருக்குங்க. சாடையாச் சொன்னாப் புரியாது. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லிருங்க."

மறுநாள் காலை மேனேஜர் ரங்கநாயகம் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, என் மனசுல இப்ப தேங்காய் பன் இருக்குதுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே விற்பனைக்காரன் கொழந்தவேலு வந்தான்.

"எனக்கு ஒண்ணுமே இல்லீங். நல்லாத் தேடிப் பாத்துட்டேன்."

டிரைவர் மயில்சாமி மனதில் அவருடைய மச்சினன் இருந்தான். அது மத்தியானம் வரை நீண்டது. மூன்று பேரும் சேர்ந்து மனதைக் கொட்டினால் அம்சவேணிக்குத் தலை கிறுகிறுக்கும். கடைசியில் ஒரு குழவிக்கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதைக் கையில வெச்சிருக்கறவங்க மட்டும் பேசலாம்."

ரங்கநாயகம் கல்லைத் தூக்கினார். "கடை பூரா கல்லாக் கெடக்குதே. எல்லாத்துக்கும் இதே சட்டமுங்களா?"

கொழந்தவேலு கல்லை வாங்கிக்கொண்டு யோசித்தான். "அதெல்லாம் ஆட்டறதுக்குங்க. இது ஒண்ணுதான் பேசறதுக்கு."

கல் நல்ல கனம். அதனால் யாரும் சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்கு வேணும்" என்பார்கள், பொத்தென்று வைத்துவிடுவார்கள். எல்லோரும் பேசுவது அம்சவேணிக்கு முழுசாகப் புரிந்தது வாழ்க்கையில் அப்போதுதான்.

அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று மாதக் கடைசியில் சொல்வதாக முதலாளி சென்னியப்பன் சொல்லியிருந்தார். அந்த நாளும் வந்தது. முதலாளி வந்தார், மேசையைப் பார்த்தார், திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கல்லைக் காணோம்.

காலையில்தான் கொழந்தவேலு அதை ஒரு கிரைண்டருக்குள் வைத்து சூலூர் வாத்தியார் ஒருவருக்கு விற்றிருந்தான். கிரைண்டர் போல இடுப்பைச் சுழற்றி, வாத்தியார் போல இல்லாத கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இல்லாத பிரம்பை ஆட்டிக் காட்டி, அதை அவர்களுக்குப் புரியவைத்தான்.

"மொதலாளி, கல்லு இல்லாமயே சொல்லலாமுங்க!" என்றாள் அம்சவேணி.

எல்லோரும் உதட்டில் விரலை வைத்தார்கள். கையில் கல் இல்லாதவள் பேசலாமா? அதுவும் சட்டம் போட்டவளே?

வேன் சூலூருக்குப் பறந்தது. வாத்தியார் வீட்டுச் சமையலறையில் அவர் சம்சாரம் புது கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தார். ஐந்து பேர் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள்.

"யாருங்க நீங்கெல்லாம்?" என்றார் வாத்தியார். எல்லோரும் கிரைண்டரைக் கைகாட்டினார்கள். "ஏனுங், வாயில என்ன கொழுக்கட்டையா?"

ரங்கநாயகம் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு சுவிட்சை அணைத்தார். கல்லைத் தூக்கி முதலாளி கையில் கொடுத்தார். முழங்கை வரை மாவு வழிய, முதலாளி பேசினார்.

"அம்மிணி, நீங்க நிரந்தரம். சம்மதமா?"

கல் அம்சவேணி கைக்கு வந்தது. இத்தனை கனமான கல்லைப் பிடித்துக்கொண்டும் அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது.

"சம்மதமுங்க." வாத்தியார் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா இனிமே கல்லு வேண்டாமுங்க."

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தபோது, எல்லா கிரைண்டரிலும் இருந்த குழவியைக் கழற்றி வாசலில் குவித்திருந்தார்கள். உள்ளே ஒரு அம்மாள் கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கல்லு எங்கீங்க?"

"கணக்கெழுதற அம்மிணி வேண்டாம்னுட்டாங்க. அவங்க நிரந்தரமுங்க" என்றான் கொழந்தவேலு.

"அப்பறம் இட்லிக்கு நான் என்ன பண்றது?"

ரங்கநாயகம் கண்ணை மூடி, மனதில் இருந்ததை அப்படியே சொன்னார்.

"தேங்காய் பன்."