தொண்ணூறு நாள் ஆடுபுலி ஆட்டம்

வெண்குன்றத்தை ஆண்ட கண்டராயருக்கு எதிரி என்று யாருமே கிடையாது, சொந்த மைத்துனரைத் தவிர. போன திருவிழாவில் அந்த மைத்துனர் தன் ஊர்க் குளத்தில் தெப்பங்களையே காய்களாக மிதக்கவிட்டுச் சதுரங்கம் ஆடிக் காட்டினார். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நம் முற்றத்தில் ஆடுபுலி ஆட்டம் நடக்கும். தரை பளிங்கு. புலிக்கு வேஷம் கட்டிய ஆள், ஆட்டுக்கு நிஜ ஆடு. மைத்துனர் வர இன்னும் தொண்ணூறு நாள்தான்" என்று சபையில் அறிவித்தவர், பொறுப்பைச் சாத்தன் தலையில் கட்டினார். சாத்தன் சபையில் வேடிக்கையாகப் பேசிப் பிழைக்கிறவன். சொதப்பினால் அந்த ஆடுகளையே மேய்க்கப் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

எந்தெந்த நாளில் ராஜா எதைப் பார்வையிடுவது என்று பேச்சு வந்தது. அமைச்சர் வில்லவராயருக்குச் சாத்தனைக் கண்டாலே ஆகாது. முதல் மாதம் பளிங்குத் தரை, அடுத்த மாதம் புலி வேஷம், அதற்கடுத்து ஆடுகள், ஒவ்வொன்றையும் முழுசாக முடித்துக் காட்டட்டும், ஆடிப் பார்ப்பது கடைசியில் என்றார். சாத்தனோ பத்தாம் நாளே தரையில் கிழித்த கரிக்கோட்டில் முழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டுவதாகச் சொன்னான். ராஜா போய்க் கரிக்கோட்டைப் பார்ப்பதா என்று அமைச்சர் மூக்கைச் சுளித்தார். ராஜாவும் பளிங்குப் பக்கமே சாய்ந்தார்.

சாத்தன் நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். தலைவாழை இலை பளபளவென்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு நாழிகை கழித்து இலை ஓரத்தில் உப்பு வைத்தார்கள். வயிறு இரைய, சோறு எங்கே என்று கேட்டார் ராஜா.

"இலை முழுசாக முடிந்தது, மகாராஜா. உப்பும் முடிந்தது. சோறு சாயங்காலம், குழம்பு நாளைக் காலை" என்றான் சாத்தன் பணிவாக. "ருசி எப்படி என்பது நாளை மறுநாள் தெரியும்."

ராஜாவின் கை வாளைத் தேடுவதற்குள் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டினான். ஒரே வாய்ச் சோறு. அதில் குழம்பு, நெய், மேலே அப்பளத் துண்டு. ராஜா வாயில் போட்டுக்கொண்டு, புளி தூக்கலாக இருக்கிறது என்றார்.

"குழம்பு இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது, மகாராஜா. சரிசெய்துவிடலாம்."

ராஜா மென்றபடி யோசித்தார். விழுங்கியதும் கரிக்கோட்டுக்குச் சம்மதித்தார்.

பத்தாம் நாள் முற்றத்தில் கரியால் கோடு கிழித்து ஆடுகளை நிறுத்தினார்கள். புலிக்கு ஆள் கிடைக்கவில்லை. குறை கண்டுபிடிக்க வந்த அமைச்சரையே ராஜா நிற்கச் சொல்லிவிட்டார். வில்லவராயர் வைக்கோல் வாலைக் கட்டிக்கொண்டு, உறுமலாமா கூடாதா என்று தெரியாமல் ஓரடி வைத்தார். பின்னால் நின்ற ஆடு வாலைத் தின்னத் தொடங்கியது. முன்னால் நின்ற கிடா தலையைத் தாழ்த்தி விட்டது ஒரு முட்டு. அமைச்சர் கோடுகளைத் தாண்டி, கோட்டை வாசலையும் தாண்டி ஓடினார். மிச்ச வாலுக்காக மற்ற ஆடுகளும் பின்னாலேயே ஓடின.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கவலை வந்தது.

"சாத்தா, புலிதானே ஆட்டை வெட்டவேண்டும்?"

"ஆமாம் மகாராஜா. நமக்குத் தெரியும், அமைச்சருக்கும் தெரியும். ஆட்டுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் எண்பது நாள் இருக்கிறது."