வெயிலில் பிறந்த சொல்

வேதாரண்யத்தில் உப்பளங்களை ஒட்டி வித்யாம்பிகை அம்மாவின் ஆசிரமம் இருந்தது. அவருடைய சீடர்களில் மூத்தவர் ஏகாம்பரம். அம்மாவைவிட இருபது வயது பெரியவர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

அன்று காலை முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் தஞ்சாவூரில் அவர் மகள் மேகலாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. "அப்பா, எப்ப வர்றீங்க?" என்று போனில் மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் "இதோ கிளம்பிட்டேன்" என்றார். கிளம்பவில்லை. கண்ணை மூடி உட்காருவார், மூச்சை எண்ணுவார், ஏழாவதைத் தாண்டுவதற்குள் எழுந்துவிடுவார்.

உச்சிப்பொழுதில் அம்மாவிடம் போனார்.

"மனசு அடங்க மாட்டேங்குதும்மா. இந்த முகத்தோட போனா பொண்ணு பயந்துடுவா. கொஞ்சம் அமைதி வந்ததும் கிளம்பலாம்னு பார்க்கறேன்."

"உங்க இங்கிலீஷ்ல அமைதிக்கு என்னய்யா சொல்வாங்க?"

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்றிருந்தது. ஆனாலும் பழக்கத்தில் வாய் ஓடியது.

"நிறைய இருக்கும்மா. பீஸ்னா, மூலத்துல சண்டை போட்டவங்க செஞ்சுக்கிட்ட உடன்படிக்கை. செரீன்னா மேகமில்லாத வானம். பொறுமைக்குச் சொல்ற பேஷன்ஸ்... அது வேதனைப்படறதுங்கற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது. நோயாளியைச் சொல்ற பேஷன்ட்டுக்கும் அதே வேர்தான்."

"காம் (calm)னு ஒண்ணு சொல்வீங்களே?"

"அது கிரேக்கத்துல கொளுத்துற வெப்பம். உச்சி வெயில்ல வேலையை நிறுத்திட்டு ஓய்வா இருப்பாங்க. அந்த ஓய்வுக்கே அந்தப் பேர் வந்துடுச்சு. கடலுக்கும் மனசுக்கும் அப்புறம்தான் வந்தது."

"அந்த ஓய்வு, வெயில் தணிஞ்சப்புறமா?"

"இல்லம்மா. வெயில் இருக்கறப்பவேதான்."

அம்மா எழுந்தார். ஏகாம்பரத்தின் அறைக்குப் போய் இரண்டு வேட்டி, சட்டை, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

"அம்மா, குடுங்க... நான் இன்னும்..." ஏகாம்பரம் பின்னாலேயே ஓடினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இருபுறமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

தஞ்சாவூர்ப் பேருந்து வந்து நின்றது. படிக் கம்பியைப் பிடித்தபோது ஏகாம்பரத்தின் கை வெடவெடவென்று நடுங்கியது.

"பாருங்கம்மா. இந்தக் கையை வச்சுக்கிட்டு அவ பக்கத்துல போய் நான் என்ன செய்யப்போறேன்?"

அம்மா பையை அவரிடம் கொடுத்தார்.

"அவ கையைப் பிடிச்சுக்குங்க. அதுவும் நடுங்கிட்டுதான் இருக்கும்."