பேரிக்காய் வேகும் நேரம்

மேல்மலையில் பேரிக்காய் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடம். அதன் தலைவி வடிவம்மைக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்த கோமதிநாயகத்துக்கு அறுபத்து மூன்று. தென்காசிப் பக்கம் ஒரு மிட்டாய்க்கடையில் நாற்பது வருஷம் அல்வா கிண்டியவர். அம்மை அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். குருவே சீடனை மாஸ்டர் என்று கூப்பிடும் மடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாஸ்டரிடம் ஒரு குறை. தியானத்தில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் அவருடைய வலது கை தானாகக் கிண்ட ஆரம்பித்துவிடும். கண் மூடியிருக்கும், வாய் மூடியிருக்கும், கை மட்டும் கடைக்குப் போயிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கப் படும் பாடு, அதுவே பெரிய தவம்.

ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு அவர் அம்மையைத் தேடி ஓடிவந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி வாராளாம். பத்து மணி பஸ்ஸுல."

"நல்லதாப் போச்சு."

"எங்க நல்லது? அவகிட்ட பத்து நாள்ல வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். பதினோரு மாசமாச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. இப்ப வந்துட்டு, அதே பஸ் முக்கால் மணி நேரத்துல திரும்பும்போது போயிருவாளாம். அதையும் மடத்து ஆபீஸுக்குத்தான் போன் பண்ணிச் சொல்லியிருக்கா."

"சரி, அவங்களுக்கு ஏதாவது செஞ்சு கொடுங்க."

"அதுக்குத்தாம்மா ஓடிவந்தேன். என் கையால ஒரு வாய் சாப்பிட்டான்னா கோவம் போயிரும். சாப்பிடாமப் போனா, போனதுதான். எனக்கு அவளைத் தெரியும். ஒரு கிலோ சீனி வேணும்மா. நம்ம மடத்துல ஒரு பொட்டு இல்லை."

"அவங்களுக்கு இனிப்பு பிடிக்குமா?"

மாஸ்டரின் முகம் தொங்கிப் போனது.

"சீனின்னாலே ஆகாது. நாப்பது வருசமா என் சட்டையில பாகைத் துவைச்சவ. காய்ஞ்சா அட்டை மாதிரி நிக்கும். கல்யாணமான புதுசுல ஒரு துண்டு அல்வா சாப்பிட்டதோட சரி."

"அப்ப சீனி எதுக்கு?"

"எனக்கு அது ஒண்ணுதாம்மா தெரியும்."

அம்மை தோப்புக்குள் போனார். திரும்பும்போது மடியில் ஆறு பேரிக்காய் இருந்தது.

"வாங்க, அடுக்களைக்கு."

மூன்று காயைப் பாதி பாதியாக நறுக்கச் சொன்னார். நடுவில் இருந்த விதையைத் தோண்டி எடுக்கச் சொன்னார். தோசைக்கல் காய்ந்ததும் அரைக் கரண்டி நெய் விட்டு, வெட்டிய பக்கம் கல்லில் படும்படி அடுக்கி, நாலு மிளகைத் தட்டித் தூவினார்.

"தீயைக் குறைங்க. மூடி போடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? வெல்லம்?"

"வேண்டாம்."

"ஒரு சொட்டு தேன்?"

"வேண்டாம்."

"கொஞ்சம் பேரீச்சம்பழமாவது..."

"மாஸ்டர்."

வாய் அடங்கியது. கை அடங்க வேண்டுமே. அம்மை தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், இவர் மூடியைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டுவிட்டார். அல்வா கிண்டுகிறவன் கையை நிறுத்தினால் அடி பிடிக்கும், அடி பிடித்தால் வேலை போகும். நாற்பது வருஷப் பயம் அது. லேசில் போகாது.

அம்மை குடத்தோடு வந்தபோது கல்லில் பேரிக்காய் இல்லை, கூழ் இருந்தது. மாஸ்டர் அதில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"கம்பிப் பதம்மா. கம்பியே விழ மாட்டேங்கு."

"எப்படி விழும்? அது பாகு இல்லையே, பழமாச்சே."

அம்மைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூழை வழித்து ஒரு வாய் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு, பல் முளைக்காத பிள்ளைக்கு," என்றார்.

மலைப்பாதையில் பஸ் ஹாரன் கேட்டது. மீதி மூன்று காயையும் நறுக்கிக் கல்லில் அடுக்கி மூடி போட்டார்கள்.

"கரண்டியைக் கொடுங்க," என்றார் அம்மை.

பெற்ற பிள்ளையைக் கொடுப்பது போலக் கொடுத்தார். அம்மை அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

"அம்மா! நான் என்ன செய்யணும்?"

"உட்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"வாசம் வரட்டும்."

கையை நம்ப முடியாமல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

அந்தக் கோலத்தில்தான் அவர் மனைவி உலகம்மாள் வந்து அவரைப் பார்த்தார். மலை ஏறும் வழியெல்லாம் திட்டவேண்டியதை முறையாக அடுக்கிக்கொண்டு வந்தவர். அடுப்பு எரிகிறது, மனுஷன் கையில் கரண்டி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை.

"கையில என்ன, அடி பட்டுட்டா?" என்றார் பதறிப்போய்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் சும்மா உக்காந்திருக்கிய?"

"கிண்டக் கூடாதாம்."

உலகம்மாள் அடுப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து நாளுன்னா, உங்க ஊர்ல எத்தனை நாளு?"

"தப்புதான் உலகு."

"அடுப்பு முன்னால இருந்து நீங்க எனக்குப் பதில் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்."

"பேசினா பதம் தவறிப் போகும்லா."

"தெரியும், தெரியும். நாப்பது வருசம் உங்க முதுகுகிட்டத்தான பேசினேன்."

மாஸ்டர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். அவ்வளவுதான், உலகம்மாள் ஆரம்பித்துவிட்டார். ஐப்பசி மழையில் பின்கட்டு ஒழுகியது, அடுத்த வீட்டு நாய் நம் வீட்டு விறகுக்குள் நாலு குட்டி போட்டது, அதில் ஒன்று இப்போது செருப்பைத் தின்றே வளர்கிறது, முட்டுவலி, கரண்ட் கம்பம் சாய்ந்தது. மாஸ்டர் குறுக்கே கேள்வி கேட்டார். குட்டிக்கு என்ன பேர், முட்டுக்கு யாரிடம் காட்டினாய், ஒழுகும்போது நீ எங்கே படுத்தாய்.

"முழிச்சுத்தான் கெடந்தேன்," என்றார் உலகம்மாள். பிறகு மூக்கைச் சுருக்கினார். "என்ன இது, இம்புட்டு வாசமா இருக்கு?"

மாஸ்டர் தொடைக்கு அடியில் பார்த்தார். கைகள் எப்போது வெளியே வந்தன என்று தெரியவில்லை. ஒரு கை உலகம்மாளின் முட்டின்மேல் இருந்தது.

மூடியைத் திறந்தார். வெட்டிய பக்கம் பொன்னாக முறுகியிருந்தது. ஓரங்களில் அதன் சாறே சுண்டிப் பளபளத்தது. தட்டில் ஒரு பாதியை எடுத்து வைத்து நீட்டினார்.

"சீனி?"

"சத்தியமா இல்ல."

"வெல்லம்?"

"உன்மேல ஆணை."

உலகம்மாள் ஊதி ஊதி ஒரு கடி கடித்தார். மாஸ்டர் மூச்சு விடவில்லை. இன்னொரு கடி. சாறு மணிக்கட்டுவரை வழிந்தது. அதையும் உலகம்மாள் உறிஞ்சிவிட்டார்.

"எவ்வளவு ருசியா இருக்கு! இம்புட்டு வருசமா இதை எங்க வச்சிருந்திய?" என்று கேட்டுச் சிரித்தார்.

மாஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லை.

கீழே பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. சத்தம் வளைவு வளைவாக இறங்கிப் போனது.

"நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு," என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும்," என்றார் உலகம்மாள்.

அம்மை வாசலில் வந்து நின்றார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கை கூப்பினார்.

"அம்மா, நீங்கதான் சொல்லணும். நான் இங்க இருந்து தியானம் பழகணுமா, இல்ல இவகூட ஊருக்குப் போகணுமா?"

அம்மை அவரைப் பார்க்கவில்லை. உலகம்மாளைத்தான் பார்த்தார்.

"அவங்க தட்டு காலியா இருக்கு, மாஸ்டர்."