வேட்டியில் உருண்ட பூமி

கொம்பையா சாருக்கு ஐம்பத்திரண்டு வயது. விளையாட்டு ஆசிரியர். அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் ஆறாம் வகுப்பு அறிவியலை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

நாள்தோறும் பள்ளி விட்டதும் அதே பள்ளியில் கணக்கு நடத்தும் ஜெபமலர் டீச்சரிடம் போய் மறுநாள் பாடத்தைக் கற்றுக்கொள்வார். டீச்சருக்கு இருபத்தெட்டு வயதுதான். சார் நோட்டும் பேனாவுமாகப் பெஞ்சில் உட்காருவார். சந்தேகம் கேட்க எழுந்து நிற்பார். உட்காருங்க சார் என்று சொல்லிச் சொல்லி டீச்சருக்கு அலுத்துவிட்டது.

சூரியக் குடும்பம் பாடத்துக்கு மட்டும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான்கு பிள்ளைகளை ஒரு வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் குண்டு எறிகிற இரும்புக்குண்டை வைத்தார். துணி குழிந்தது. ஓரத்தில் ஒரு கோலியை உருட்டிவிட்டார். அது குண்டை அழகாகச் சுற்றியது. வகுப்பே கைதட்டியது. மூன்றாவது சுற்றில் கோலி உள்ளே சரிந்து, குண்டில் மோதி நின்றது.

முத்துப்பேச்சி மட்டும் கைதட்டவில்லை. அப்போ பூமியும் ஒருநாள் சூரியனில் போய் விழுந்துவிடுமா என்று கேட்டாள். விழாது என்றார் சார். ஏன் என்றாள். அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டுச் சார் கோலியைப் பொறுக்கிக்கொண்டார்.

இரண்டு நாளாக அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. கைக்குழந்தைத் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவும் மாட்டேன் என்கிறாள். அவள் அம்மா பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். சாருக்கு மனசு ஆடிப்போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையையும் பயமுறுத்தியதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை.

மதிய மணி அடித்ததும் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“விழாதுன்னு பத்து தடவை சொல்லிட்டேன் டீச்சர். நம்ப மாட்டேங்கா. கண்ணால பாத்ததைத்தானே நம்புவா. சூரியன் இழுக்கு, ஆனா பூமி விழல. ஏன்?”

டீச்சர் எழுந்தாள். போய் முத்துப்பேச்சியை மைதானத்துக்கு அழைத்துவந்தாள். ஒரு ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையைச் சாரின் இடுப்பில் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்தாள்.

“நீ சூரியன். சார் பூமி.”

முத்துப்பேச்சி நின்ற இடத்திலேயே நின்று, விடாமல் தன் பக்கம் இழுக்க வேண்டும். சார் எதைப் பற்றியும் யோசிக்காமல் நேராக நடக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

சார் நேராகத்தான் நடந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு அவரைக் கொஞ்சம் திருப்பியது. ஒரு சுற்று முடிந்தது, இரண்டு முடிந்தது. அவர் கிட்டவும் வரவில்லை, விலகியும் போகவில்லை. முத்துப்பேச்சிக்குக் கை வலித்தது, ஆனாலும் விடவில்லை.

“இப்ப நில்லுங்க சார்,” என்றாள் டீச்சர்.

சார் நின்றார். அடுத்த இழுப்பில் தடுமாறி வந்து முத்துப்பேச்சியின் மேலேயே சாயப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அப்போ கோலி ஏன் நின்னுச்சு?” என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

“துணி உரசி உரசி அதோட வேகத்தைக் குறைச்சிட்டு,” என்றாள் டீச்சர்.

“வானத்துல துணி இருக்கா?”

“இல்ல. உரசறதுக்கு அங்க ஒண்ணும் கிடையாது. கயிறுகூட கிடையாது. சூரியன் அது இல்லாமலே இழுக்கும்.”

முத்துப்பேச்சி கயிற்றைக் கீழே போட்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவு வரிசைக்கு ஓடினாள்.

சார் நிம்மதியாக இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். “நான் சொன்னது சரியாப் போச்சு டீச்சர். பூமி விழாது.”

“விழுந்துக்கிட்டேதான் இருக்கு சார். ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு உங்கள உள்பக்கம் திருப்புச்சே, அதான் விழறது. ஓட்டம் நிக்காததால போய்ச் சேரல. அவ சாப்பிட்டு வரட்டும். அதை நீங்களே சொல்லுங்க.”