நல்ல துப்பாக்கி, சிப்பாய்க்கு ஆகாது

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. மலைமுகாமில் சமையல்காரராக இருந்த இருளப்பன் என் அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் சொன்னார். வழியில் ஏதாவது கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். நான் எதையும் சேர்க்கவில்லை.

நமச்சிவாயம் என்று ஒரு பொறியாளர். பதினோரு வருடம் உழைத்து ஒரு கைத்துப்பாக்கியை உருவாக்கியிருந்தார். நாற்பதாயிரம் சிப்பாய்களின் இடுப்பில் அது ஏறுவதாக இருந்தது.

ஐந்து முகாம்களுக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். நான்கு முகாம்கள் பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதின. ஐந்தாவது முகாமிலிருந்து வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது.

"நல்ல துப்பாக்கி. சிப்பாய்க்கு ஆகாது."

கீழே ஒரு கையெழுத்து. ஹவில்தார் சவரிமுத்து, ஆயுதக் கிடங்கு.

வாங்குவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யும். அந்த ஒரு வரிக்குப் பதில் இல்லையென்றால் பதினோரு வருடமும் வீண். வியாழக்கிழமை நமச்சிவாயம் மலை ஏறினார்.

சவரிமுத்து அவரைவிட இருபது வயது இளையவர். மேஜையில் ஒரு பழைய துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமா சார்."

"குறி தவறுதா?"

"இல்ல. நம்மகிட்ட இருக்கிறதுலேயே இதுதான் நேரா சுடுது."

"சேத்துல அடைக்குதா?"

"ரெண்டு நாள் புதைச்சு வெச்சேன். எடுத்தேன். சுட்டுச்சு."

"கனமா இருக்கா?"

"இல்ல."

"சின்னக் கைக்குப் பிடிபடலையா?"

சவரிமுத்து தன் கையை விரித்துக் காட்டினார். சின்னக் கை.

"பிடிபடுது சார்."

"அப்புறம் என்னதான்யா குறை?"

சவரிமுத்து எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"யாரை வெச்சுப் பாத்தீங்க?"

"படையிலேயே நல்லா சுடுற பன்னெண்டு பேரை."

"சாப்பிட்டு வந்தாங்களா?"

"என்னது?"

"தூங்கி எழுந்து, சாப்பிட்டு வந்தாங்களா?"

"வந்திருப்பாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"

சவரிமுத்து வாசல் பக்கம் திரும்பி, டீ கேட்டுக் குரல் கொடுத்தார்.

இருளப்பன் டீ கொண்டுவந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"உஸ்தாத், உங்களுக்குச் சர்க்கரை கம்மி" என்று ஒரு கிளாஸை சவரிமுத்துவிடம் கொடுத்தார். ஆயுதப் பயிற்சி தருபவரைப் பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும்.

நமச்சிவாயம் அந்தக் காலைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"குண்டு சார்."

"எல்லையிலயா?"

"பாரக்குல. பக்கத்துக் கட்டில்காரன். துப்பாக்கியைத் துடைச்சிட்டிருந்தான்."

"உள்ள தோட்டா இருக்கான்னு பாக்காமலா?"

"பாத்தேன்னுதான் இன்னைக்கும் சத்தியம் பண்றான்."

நமச்சிவாயம் உதட்டைப் பிதுக்கினார்.

"கவனக்குறைவு. என் கையேட்டுல ஆறாம் பக்கத்திலேயே போட்டிருக்கேன். முதல்ல தோட்டா அடுக்கின மேகசினை உருவு. அப்புறம் குழல் மேல இருக்கிற ஸ்லைடை இழு, குழல்ல இருக்கிற தோட்டா வெளிய விழும். கடைசியா ட்ரிகரை அழுத்து, துப்பாக்கி கழண்டு வரும். மூணே வேலை. வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான்."

"மாறாதா சார்?" என்று கேட்டார் இருளப்பன்.

"குழந்தைகூட மாத்தாது."

சவரிமுத்து டீயைக் குடித்து முடித்தார்.

"நாளைக்கு ஒரு நாள் இங்க சிப்பாயா இருந்து பாருங்க சார்."

"இருந்தா?"

"சாயங்காலம் வாங்க. சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்னன்னு அப்பவும் கேட்டீங்கன்னா, அந்த வரியை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

மறுநாள் விடிந்ததும் சவரிமுத்துவே மேகசினில் தோட்டாக்களை நிரப்பினார். துப்பாக்கியில் செருகி, ஸ்லைடை இழுத்துவிட்டு, நமச்சிவாயத்தின் இடுப்பில் இருந்த உறையில் வைத்தார்.

"ஏத்தியாச்சு சார். பாத்து."

மேல் காவல்சாவடி ஒன்றரை மணி நேர ஏற்றம். ஆளுக்கொரு மண்ணெண்ணெய் கேன். நமச்சிவாயத்துக்கும் ஒன்று.

பாதி வழியில் அவர் மூன்றாவது முறை உட்கார்ந்தார்.

"சார், துப்பாக்கியை இன்னும் கொஞ்சம் லேசா செஞ்சிருக்கலாமே" என்றான் ஒரு சிப்பாய்.

"துப்பாக்கி முக்கால் கிலோதான்ப்பா. கேன்தான் இருபது கிலோ."

"அப்ப பதினோரு வருசம் கேனைச் செஞ்சிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூச்சு வாங்கியதால் பாதியில் நின்றுவிட்டது.

இறங்கினார்கள். மறுபடி கேன் தூக்கி ஏறினார்கள். இரண்டாவது ஏற்றத்தில் ஆலங்கட்டி மழை. பாதை சரிந்து, சுற்றிக்கொண்டு வந்ததில் மதியச் சாப்பாடு போயிற்று. முகாமுக்குத் திரும்பியபோது மணி நான்கு. நமச்சிவாயத்துக்கு விரல்கள் இருப்பதே தெரியவில்லை. சமையல்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

நேராக அங்கே போனார். சவரிமுத்து வாசலில் நின்றிருந்தார்.

"துப்பாக்கியைத் துடைச்சு ஒப்படைச்சிட்டுத்தான் சார் தட்டு. கர்னலுக்கும் அதே வழக்கம்தான்."

"ஐயோ, சரிய்யா."

கிடங்கு மேஜையில் உட்கார்ந்தார். துப்பாக்கியை எடுத்தார். ஸ்லைடை இழுத்தார். தோட்டா ஒன்று எகிறித் தரையில் விழுந்தது. அது விழுவதைப் பார்த்தார். மேகசினை உருவி மேஜையில் வைத்தார்.

சவரிமுத்துவின் பூட்ஸ், விழுந்த தோட்டாவை மெதுவாக மூடியது.

இருளப்பன் டீயோடு வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே நின்று கிளாஸை வைத்தார்.

நமச்சிவாயம் ட்ரிகரை அழுத்தினார்.

டக்.

துப்பாக்கி கழன்று வந்தது. ஸ்லைடு தனியாக வந்தது.

கூடவே ஒரு தோட்டாவும் வந்தது. குழலிலிருந்து நழுவி, மேஜையில் உருண்டு, டீ கிளாஸில் முட்டி நின்றது. அதன் அடிப்பக்கத்தில் ஊசி குத்திய பள்ளம். புதிது.



"அது..." என்றார் நமச்சிவாயம். "நான் பாத்தேன். தோட்டா வெளிய விழுந்ததைப் பாத்தேன்."

"பாத்தீங்க சார்."

சவரிமுத்து பூட்ஸை நகர்த்தினார். முதல் தோட்டா அங்கே கிடந்தது.

நமச்சிவாயம் கீழே கிடந்ததைப் பார்த்தார். மேஜையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு மேகசினைப் பார்த்தார். அதை முதலில் உருவியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்திருந்தார். பின்னால் போன ஸ்லைடு ஒரு தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, முன்னால் வரும்போது அடுத்ததை ஏற்றியிருந்தது. அப்படி ஏற்றும்படி அதைச் செய்தவர் அவர்தான்.

"எல்லாம் மருந்து எடுத்த தோட்டா" என்றார் சவரிமுத்து. "நேத்து ராத்திரியே எடுத்துட்டேன்."

இருளப்பன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். ஒரு கையால் தடவியும் பார்த்துக்கொண்டார்.

"டீ ஆறுது சார்" என்றார்.

நமச்சிவாயம் கிளாஸை எடுக்கவில்லை. சாம்பார் வாசனையும் அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது. கையேட்டைப் பையிலிருந்து எடுத்து ஆறாம் பக்கத்தைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கேள்வி இருக்கா சார்?" என்றார் சவரிமுத்து.

"உஸ்தாத், ஒரு பென்சில் கொடுங்க."

இதில் ஒன்றை மட்டும் நான் பிறகு சரிபார்த்தேன். எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அந்தத் துப்பாக்கியின் இப்போதைய கையேட்டைக் காட்டினார். கழற்றும் முறை ஆறாம் பக்கத்தில்தான் இருக்கிறது. மேகசின் உள்ளே இருந்தால் துப்பாக்கி கழலாது. குழலில் தோட்டா இருந்தாலும் கழலாது. அந்தப் பக்கத்தில் ட்ரிகர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இந்த மாற்றத்தால் குறி, முதலில் செய்ததைவிட இரண்டு விரற்கடை விலகிப் போகிறதாம்.