மூலையை மட்டும் பார்த்த காக்கை

அந்தக் காலத்தில், பறவைகள் பேசித் திரிந்தபோது, வழக்கு என்று வந்தால் யாரும் கொத்திக்கொள்வதில்லை. ஏரிக்கரைப் பாறைக்குப் போவார்கள். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறியிருக்கும். இன்று கோ என்கிறார்களே, அந்த ஆட்டம்தான். ஒருவருக்குக் கறுப்புக் கல், மற்றவருக்கு வெள்ளை. கோடுகள் சந்திக்கும் இடங்களில் மாறி மாறி வைக்க வேண்டும். கல்லால் வேலி போட்டு அதிக இடத்தை வளைத்தவர் பக்கம் நியாயம். கல் நன்றாக வைக்கத் தெரிந்தவர் பக்கம் நியாயம் எப்படிப் போய்ச் சேரும் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆட்டம் நடக்கும்போது கொக்குகள் பாறையைச் சுற்றி நிற்கும். காக்கைகளுக்கு இடம், அவர்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பட்ட கிளை. வழக்கம் அப்படி. யார் வைத்த வழக்கம் என்றால் பதில் வராது. மையி என்ற காக்கை அந்தக் கிளையிலிருந்துதான் ஆட்டம் கற்றாள். கொக்குகளின் முதுகுகளுக்கு நடுவே அவளுக்குத் தெரிந்தது பாறையின் ஒரு மூலை மட்டும். அதையே விடாமல் பார்த்தாள். இங்கே வெள்ளை வந்தால் கறுப்பு எங்கே போக வேண்டும், அதற்கு வெள்ளை என்ன செய்யும், எல்லாம் அத்துப்படி. மூலையில் இரண்டு பக்கமும் பாறையின் விளிம்பே காவல், அதனால் கொஞ்சம் கல்லிலேயே வேலி முடிந்துவிடும் என்பதையும் தானாகவே கண்டுபிடித்தாள்.

ஒரு கோடையில் ஏரி சுருங்கியது. மிச்சத் தண்ணீருக்கு நடுவே நின்ற கருவேல மரம் ஒன்றில்தான் பாம்பு ஏறாது. அதில் மையி கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். கொக்குகள் வந்து இறங்கின.

அவர்களின் தலைவர் நெடுங்காலர் சொன்னார்: "இனி இது எங்க மரம், தங்கச்சி. கிளம்பு."

"முட்டை இருக்கு அண்ணே. குஞ்சு பறக்கட்டும், நானே போயிடறேன்."

"அப்போ பாறைக்கு வா. ஆடத் தெரியுமா, இல்ல கத்த மட்டும்தானா?"

கொக்குகள் சிரித்தன. மையி பாறைக்குப் போனாள்.

ஆமைதான் நடுவர். மையிக்குக் கறுப்பு. முதல் கல்லை மூலையில் வைத்தாள். வெள்ளை நெருங்கியது. பார்த்துப் பழகிய பதிலையே வைத்தாள். மூலை அவளுடையதானது. இரண்டாவது மூலையும் அப்படியே. மூன்றாவது விழுந்ததும் பட்ட கிளையிலிருந்து கூச்சல்: "விடாத மையி! மூணும் நம்மளுது!"

நாலாவது மூலையில் மையியின் கல்லோடு நெடுங்காலரின் கல் வந்து ஒட்டியது. இந்த முறை நடுப்பக்கம் தாவியிருந்தால், வெளியே நின்ற வெள்ளைக் கற்கள் ஒன்றோடொன்று சேர வழியில்லாமல் போயிருக்கும். மையி மூலைக்குள் குனிந்தாள்.

"அங்கேயா வைக்கப்போற?" ஆமை மெல்லக் கேட்டது.

"இதுக்கு இதுதான் பதில். எத்தனை தடவை பார்த்திருக்கேன்!"

வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நெடுங்காலர் அவசரப்படவே இல்லை. நாலு மூலைக்கும் வெளியே நின்ற வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாக இணைத்தார். நடு முழுவதும் வெள்ளையின் வேலிக்குள் போனது. அப்போதுதான் மையி நிமிர்ந்து பாறை முழுவதையும் பார்த்தாள். இவ்வளவு பெரிதா இது?

"நாலு மூலையும் உனக்கே விட்டோமே, இன்னும் என்ன குறை?" என்றார் நெடுங்காலர்.

"உங்க முதுகு மறைக்காத இடம் அது ஒண்ணுதானே, அண்ணே."

"அதுக்கு நாங்க என்ன பண்றது?"

மையி ஆமையைப் பார்த்தாள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் கொக்குகள் கூட்டைத் தள்ளிவிட்டன. முட்டைகள் தண்ணீரில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

பேராசைக்காரி, மூலை மூலையாக அள்ளப் பார்த்தாள், நடுவைக் கோட்டை விட்டாள் என்று கொக்குகள் ஏரிக்கு ஏரி சொல்லித் திரிந்தன. ஆயுசு முழுக்கப் பார்க்க விடாமல் மறித்து நின்றுவிட்டு, அவளுக்குப் பார்வை போதாது என்பது எந்த ஊர் நியாயம்?

அன்று முதல்தான் காக்கை, கிடைப்பது ஒரு பருக்கையே ஆனாலும், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, சுற்றிலும் முழுக்கப் பார்த்த பிறகே அலகை வைக்கிறது. நாம் அதற்குத் திருட்டு முழி என்று பெயர் வைத்திருக்கிறோம்.